அவர் சொல்லி முடிப்பதற்குள்

எனக்குப் பொறுமை அதிகம் என்று பெங்களூர் பீன்யாவில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் எல்லோரும் சொல்வார்கள். மேனேஜர் வெளியாட்களை அழைத்துக்கொண்டு அளவறைக்குள் வரும்போதெல்லாம் என்னைக் காட்டி, இவங்க பார்த்து அனுப்பின பீஸ் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்லை, அவ்வளவு பொறுமை என்பார். நான் தலையை நிமிர்த்தாமல் சிரித்துக்கொள்வேன். அந்தப் புகழ்ச்சி எனக்குப் பிடித்திருந்தது. அதை வைத்துக்கொண்டே இருபத்திரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

பெரிய மெஷின்களுக்குள் எண்ணெயைத் திறந்து மூடும் வால்வுகளை அங்கே கடைந்து அனுப்புவார்கள். அவற்றின் துளைகள் சொன்ன அளவில் இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. கடைந்து, கழுவி வரும் பீஸ் சூடாக இருக்கும். சூட்டில் இரும்பு மயிரிழை அளவு விரிந்திருக்கும். அப்போது அளந்தால் கணக்குத் தப்பும். ஏசி அறையில் நாலு மணி நேரம் ஆறப்போட்டுத்தான் தொடவேண்டும். வாசலில் லாரி நிற்கும், டிரைவர் ஹாரன் அடிப்பான், மெஷின் ஷெட்டிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து எட்டிப் பார்ப்பார்கள். நான் அசையமாட்டேன்.

என் பிரிவின் தலைவர் ஓய்வு பெற்றபோது அடுத்தது நான்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மேலே பேசிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றார். சரி என்றேன். அடுத்த வருஷமும் அதையே சொன்னார். அதற்கும் சரி என்றேன். தலைவரின் நாற்காலி காலியாகவே கிடந்தது. அவர் செய்த வேலையையெல்லாம் நான் செய்தேன். பதவியைக் கேட்டு வாங்குவது கேவலம் என்று ஏதோ ஒரு எண்ணம் எனக்கு.

அந்த இரண்டாவது வருஷத்தில்தான் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது.

அவர் ஸ்ரீராமபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்திலேயே மைசூர் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். கன்னட மீடியத்தில் படித்து, மாநில அரசு அலுவலகம் ஒன்றில் கன்னடக் கோப்புகளோடு முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றார். நான் கல்யாணமாகிக் குடியாத்தத்திலிருந்து வந்தவள். வீட்டுக்குள் எங்களுக்குத் தமிழ். வாசலைத் தாண்டினால் அவருக்குக் கன்னடம். பேசாமல் அவரால் இருக்க முடியாது. லிஃப்டில் நாலு மாடி ஏறுவதற்குள் முன்பின் தெரியாதவரின் சொந்த ஊரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

ஒரு சனிக்கிழமை காலை. அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார், நான் சமையலறையில் இருந்தேன். பிரஷ் கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவர் என்னைக் கூப்பிடுவது போல ஒரு குழறல். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "என்ன வேணும்னு தெளிவா சொல்லுங்களேன்" என்றேன். அவருக்கு அந்த நிலைமை வந்த பிறகு நான் அவரிடம் சொன்ன முதல் வாக்கியம் அது.

உயிர் பிழைத்தார். வலது கையும் காலும் பாதி அளவுக்குத் தேறின. பேச்சு மட்டும் அறுந்து அறுந்து வந்தது. எழுதிக் காட்டலாம் என்றால் எழுத்தும் அதே மாதிரிதான். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் என்னைத் தனியே உட்காரவைத்துச் சொன்னாள்: "வார்த்தையெல்லாம் அவருக்குள்ளதான் இருக்கு. வர்ற வழி அடைச்சிருக்கு. நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க. மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. அதுக்குள்ள வரலைன்னா இன்னொரு பத்து எண்ணுங்க."

அது எனக்குக் கஷ்டமே இல்லை, என் தொழிலே அதுதான் என்றேன் அவளிடம். பெருமையாகத்தான் சொன்னேன்.

மூன்று மாதம் விடுப்பு எடுத்தேன். அந்த மூன்று மாதமும் எண்ணினேன். தண்ணி என்ற வார்த்தை ஒரு வாரத்தில் வந்தது. ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் மகளின் செல்லப்பெயர் ஒரு மாதத்தில் வந்தது. போனில் அதைக் கேட்டுவிட்டு அவள் அழுதாள். பிறகு மூன்று வார்த்தை, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வர ஆரம்பித்தன. தடியை ஊன்றிக்கொண்டு லிஃப்டில் இறங்கித் தெருவில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருவார். பகலில் தனியாகச் சமாளித்துக்கொள்வார் என்று தெரிந்ததும் நான் வேலைக்குத் திரும்பினேன்.

நான் திரும்பிய ஆறாவது வாரம் அந்த நாற்காலிக்கு ஆள் வந்தார். புனேயிலிருந்து வந்தவர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். மேனேஜர் அவரை அளவறைக்குள் கூட்டிக்கொண்டு வந்து, எல்லாம் மேடம் சொல்லிக் கொடுப்பாங்க, பொறுமையானவங்க என்றார். நான் சொல்லிக் கொடுத்தேன். எந்தப் பீஸில் எந்தத் துளை ஏமாற்றும், துளை அளக்கும் எந்த கேஜ் மழைக்காலத்தில் தகராறு பண்ணும் என்று ஒரு வாரம் கூடவே நின்று காட்டினேன். என் முகத்தில் எதுவும் தெரிந்திருக்காது. ஷெட்டில் இருந்தவர்கள், மேடம் மாதிரி யாராலும் இருக்க முடியாது என்று பேசிக்கொண்டார்களாம்.

அங்கே காட்டாததையெல்லாம் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

என் கணவர் ஒரு வார்த்தையைத் தேட ஆரம்பித்ததும் நான் எடுத்துக் கொடுக்கத் தொடங்கினேன். முதலில் ஐந்து எண்ணிவிட்டுக் கொடுத்தேன். பிறகு இரண்டு. பிறகு எண்ணுவதே இல்லை. சாம்பாரா, ரசமா, மோரா? ஃபேனைப் போடவா, நிறுத்தவா? அவர் தலையசைத்தால் முடிந்தது. பல சமயம் நான் சொன்னது அவர் சொல்லவந்தது இல்லை. ஆனாலும் தலையசைத்துவிடுவார். அது எனக்குத் தெரியும்.

புதியவர் வந்த இரண்டாவது திங்கட்கிழமை, நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது என் கணவர் வந்து கதவருகில் நின்றார். "ம... ம..." என்றார்.

"மருந்தா? டப்பாவுல எடுத்து வெச்சிருக்கேன். மழையா? குடை இருக்கு. மகளா? அவகிட்ட நேத்தே பேசியாச்சு."

இல்லை என்று தலையாட்டினார். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு இடது கையால் காற்றில் எதையோ பிடிப்பது போலக் காட்டினார். மறுபடியும் "ம..." என்றார்.

"சீக்கிரம் சொல்லுங்க, இல்லைன்னா விடுங்க. எனக்கு மெட்ரோ போயிடும்" என்றேன்.

அவர் நகர்ந்து வழி விட்டார். மகாலட்சுமி ஸ்டேஷனில் எனக்கு ரயில் கிடைத்தது. உட்கார இடமும் கிடைத்தது. சாயங்காலம் வந்து, காலையில் என்ன சொல்லவந்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று கையை விசிறினார். அந்த வார்த்தை என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு என்னிடம் பேச முயல்வதை அவர் விட்டுவிட்டார். விரலால் காட்டுவார், இல்லையென்றால் தானே எழுந்து எடுத்துக்கொள்வார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. காலை வேலைகள் சீக்கிரம் முடிந்தன. பேச்சு திரும்பாது போலிருக்கிறது என்று மகளிடம் போனில் சொன்னேன். விதி அப்படி என்றும் சொன்னேன்.

ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையில் அரை நாள். மெஷின்களுக்குக் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கொரு பொரிப் பொட்டலம் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டரை மணிக்கே எங்கள் தெருவுக்குள் நுழைந்துவிட்டேன். எங்கள் அபார்ட்மென்ட் கேட்டை ஒட்டி ஒரு புங்கமரம். அதன் அடியில் இஸ்திரி வண்டி நிற்கும். வண்டிக்காரர் சித்ரதுர்கா பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும். எங்கள் துணிகளையும் அவர்தான் தேய்ப்பார். வண்டியை நெருங்கும்போது என் கணவரின் குரல் கேட்டது.

நின்றுவிட்டேன். அங்கே ஒரு கார் நின்றிருந்தது. அதன் மறைவிலிருந்து பார்த்தேன். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார். பழைய அலுவலகக் கதை. ஒரு அதிகாரி, காணாமல் போன கோப்பு ஒன்றை ஆபீஸ் முழுக்கத் தேடச் சொல்லிவிட்டு, அதையே நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்த கதை. எனக்குக் கல்யாணமான புதிதில் என்னிடம் சொன்னதுதான். இப்போது வார்த்தை வார்த்தையாக, நடுநடுவே நின்று நின்று வந்தது. ஆனால் வந்தது. அவர் திக்கும்போது வண்டிக்காரர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையின் கையை மடித்தார். பெட்டியைத் தூக்கிக் கரியை ஊதிவிட்டார். அடுத்த சட்டையை உதறி விரித்தார். வார்த்தை வந்து விழுந்த பிறகு, "ஆமேலே?" என்றார். அப்புறம் என்று கேட்கிறார். கதை முடிந்ததும் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பிறகு வண்டிக்காரர், இதையெல்லாம் வீட்டில் மேடத்திடம் சொல்வதில்லையா என்று கேட்டார்.

என் கணவர் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். "அவளிகெ... புருசொத்து... இல்ல" என்றார்.

அவளுக்கு நேரமில்லை. குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. இன்றைக்குத் தண்ணீர் லாரி வராது என்று சொல்வது போலச் சொன்னார்.

நான் கட்டிடத்தின் பின்பக்கப் படியில் ஏறி வீட்டுக்குப் போனேன். அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் வந்திருக்கவேண்டும். வந்தது ஆத்திரம்தான். மூன்று மாதம் விடுப்புப் போட்டு மூத்திரச் சட்டி தூக்கியவள் நான், கதை மட்டும் அவனுக்கா என்று தோன்றியது. பேச்சு திரும்பாது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். பேச்சு திரும்பியிருக்கிறது, எனக்குத்தான் தருவதற்கில்லை. அவர் மேலே வந்ததும் எதுவும் தெரியாதவள் போலப் பொரியைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். அவர் சாப்பிட்டார். அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அபார்ட்மென்ட் சங்கத்தின் செயலாளர் ஒரு காகிதத்தோடு வந்தார். இஸ்திரி வண்டியால் கார் திருப்ப இடமில்லை, கரிப்புகை முதல் மாடிக்கு வருகிறது, வண்டியை அங்கிருந்து எடுக்கச் சொல்லி வார்டு ஆபீஸுக்கு மனு. அதற்கு முன் ஏழு வீடுகளில் கையெழுத்து வாங்கியிருந்தார். அவசரமில்லை, படித்துப் பார்த்துவிட்டு நாளைக்குக் கொடுத்தால் போதும் என்றார். கொடுங்கள் என்று வாங்கி, வாசலில் நின்றபடியே கதவில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். ஆறாத இரும்பைத் தொடமாட்டேன் என்று லாரியை நிறுத்திவைத்தவள், அந்தக் காகிதத்தை அரை நிமிஷம்கூடக் கையில் வைத்திருக்கவில்லை.

உள்ளே என் கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாளில் வண்டி போய்விட்டது. மரத்தடியில் கரித்தூள் மட்டும் கொஞ்சம் கிடந்தது. முதல் நாள் அவர் கீழே இறங்கிப் போய், போன லிஃப்டிலேயே திரும்பி வந்தார். மறுநாளும் போய்ப் பார்த்தார். மூன்றாம் நாள் போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். ஒரு மாதத்தில் விரலால் காட்டுவதும் குறைந்தது. பசித்தால்கூடச் சொல்வதில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு அடுத்த முறை போகவேண்டிய நாள். கீழே வந்து ஆட்டோவுக்காகக் காத்திருந்தோம். அறிவிப்புப் பலகையில் சங்கம் சாதித்த காரியங்களின் வரிசையில் அந்த மனுவின் நகலை ஒட்டியிருந்தார்கள். அவர் தடியை ஊன்றிக்கொண்டு அதன் முன்னால் நின்றார். மெதுவாக, ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். எட்டாவது கையெழுத்தின் மேல் இடது கை விரலை வைத்தார். அவர் வருமானவரிக் காகிதங்களிலும் மகளின் பள்ளி ரிப்போர்ட்டிலும் பல வருஷம் பார்த்த கையெழுத்து.

என் பக்கம் திரும்பி, "நீ" என்றார்.

அதைச் சொல்ல அவருக்குத் திக்கவே இல்லை. ஒரே வார்த்தை, முழுசாக வந்தது. நான் எடுத்துக் கொடுக்க அதில் மிச்சம் எதுவும் இல்லை. ஆட்டோ வந்தது, ஏறிக்கொண்டோம். பயிற்சி கொடுக்கும் பெண் அரை மணி நேரம் அவரோடு இருந்து பார்த்துவிட்டு வெளியே வந்து, நல்லா முன்னேறிட்டு வந்தாரே, என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

அந்த மாதமே தொழிற்சாலையில் புதிய தலைவர் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். இனிமேல் பீஸை ஆறப்போட வேண்டாம், சூட்டோடு அளந்தால் போதும், எவ்வளவு விரிந்திருக்கும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் கழித்துக்கொள்ளும். நான் அந்த வேகத்துக்குச் சரிப்படமாட்டேன் என்று பழைய ரெக்கார்டுகள் இருக்கும் அறைக்கு மாற்றினார்கள். மாற்றல் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை. உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. அந்த நாற்காலியை ஏன் எனக்குக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். என் குரல் வெளியே ஷெட் வரைக்கும் கேட்டதாம்.

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நீங்க ஒரு தடவைகூட வேணும்னு கேக்கலையே, மேடம்" என்றார்.

"நீங்கதானே பொறுங்கன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். நீங்களும் பொறுத்துக்கிட்டீங்க. உங்களுக்கு அது அவ்வளவு முக்கியமில்லைபோலன்னு நினைச்சுட்டோம்."

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. பொய்யென்றால் சண்டை போட்டிருக்கலாம். வாய் திறக்கவேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன், வாயை மூடிக்கொள்ளவேண்டிய இடத்தில் ஓயாமல் பேசியிருக்கிறேன். அடுத்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன். சால்வை போர்த்தினார்கள். பேசியவர்கள் எல்லோரும் என் பொறுமையைப் பற்றியே பேசினார்கள்.

இப்போது எனக்கு நேரம் இருந்தது. காலையிலிருந்து ராத்திரி வரை இருந்தது. என் கணவர் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, ஐம்பது வரை எண்ணினேன், நூறு வரை எண்ணினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த மார்க்கெட் கன்னடத்தில் பேசிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டார். ஒருநாள், கையெழுத்துப் போட்டது தப்புதான் என்று சொல்லி அழுதேன். எழுந்து போய்த் தடியால் ஃபேன் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வண்டிக்காரரைத் தேடிப் புறப்பட்டேன். அவர் எங்கே போனார் என்று பால் பூத்தில் தெரியவில்லை, மளிகைக் கடையிலும் தெரியவில்லை. பக்கத்து லே-அவுட் குடியிருப்புகளில் தெருத்தெருவாகச் சுற்றினேன். பதினைந்து நாளைக்குப் பிறகு ஒரு பார்க்கின் சுவரோரம் அந்த வண்டியைப் பார்த்தேன். அவர் என்னை அடையாளம் கண்டு, சார் எப்படி இருக்கிறார் என்றுதான் முதலில் கேட்டார். பதில் சொல்வதற்கு முன்னால், அந்த மனுவில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றேன்.

"தெரியும் மேடம். லிஸ்ட்டை எனக்கும் காட்டினாங்க" என்றார். பெட்டியை நிறுத்தவில்லை. ஒரு புடவையை மடித்து முடித்துவிட்டு, "சாரைக் கூட்டிட்டு வாங்க" என்றார். என்னை மன்னித்த மாதிரியும் இல்லை, திட்டின மாதிரியும் இல்லை.

வாரத்தில் இரண்டு நாள் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போகிறேன். அங்கே நிழல் குறைவு, துணி அதிகம். வந்து நிற்கிறவர்கள் அவசரப்படுத்துகிறார்கள், அதனால் வண்டிக்காரருக்கும் முன்புபோல ஒழிவதில்லை. இருந்தாலும் ஒன்றிரண்டு வாக்கியம் வருகிறது. முன்பு ஒரு கதை முழுசாக வந்தது, அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை. நான் எதிர்ப்பக்கம் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றுகொள்கிறேன். ஒருமுறை தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கலாம் என்று தெருவைத் தாண்டிப் போனேன். பாதி வார்த்தையில் என் கணவர் நிறுத்திக்கொண்டார். அன்றிலிருந்து தாண்டுவதில்லை.

திரும்பும்போது ஆட்டோக்காரர் எங்கே போகவேண்டும் என்று கேட்பார். என் கணவர் வாயைத் திறப்பார், உதடு கூடும். பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடும். நான் விலாசத்தைச் சொல்லிவிடுவேன்.